இறைநாட்டமும் மனித விருப்பமும்: கிறிஸ்தவ இறையியலின் நெடிய விவாதமும் நமக்குரிய பாடமும்

 



ஈமானின் ஆறு கடமைகளில் ஆறாவது, நன்மை தீமை யாவும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நிகழ்கின்றன என்று நம்புவதாகும். கழா கத்ர் என்று மார்க்க அறிஞர்கள் இதனைக் குறிப்பிடுவர். மற்ற ஐந்து கடமைகளையும் எளிதில் மனனம் செய்துவிடும் நம் பிள்ளைகள், ஆறாவதில் வந்து நிற்கிறார்கள். "எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்றால் நான் ஏன் படிக்க வேண்டும்? ஏன் தொழ வேண்டும்? தவறு செய்தவனை ஏன் தண்டிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். செஞ்சி போன்ற ஊர்களில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கின்றனர். ஆகவே, "உங்கள் மார்க்கத்தில் எல்லாமே விதிதானாமே?" என்று கிறிஸ்தவ நண்பன் கேட்பதும், அதற்கு விடை தெரியாமல் நம் பிள்ளை விழிப்பதும் இயல்பாக நடப்பவையே.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஆற்றலும் அறிவும் குறைவற நிறைந்த ஒரே இறைவனை நம்பும் எந்தச் சமுதாயமும் இதனைச் சந்தித்தே ஆக வேண்டும். கிறிஸ்தவ அறிஞர்கள் 1600 ஆண்டுகளாக இதுபற்றி விவாதித்து வருகின்றனர். அவ்விவாதத்தின் அலைகள் நம் தமிழ் மண்ணையும், நம் ஊரின் சுற்றுப்புறத்தையும் வந்து தொட்டிருக்கின்றன. வேதம் அருளப்பட்டவர்களுடன் மிக அழகிய முறையிலன்றி உரையாட வேண்டாம் என்பது திருக்குர்ஆனின் (29:46) கட்டளையாகும். அழகிய உரையாடலுக்கு முதல் நிபந்தனை, எதிரே இருப்பவர் என்ன நம்புகிறார் என்பதை உள்ளபடி அறிந்துகொள்வது. அந்த நோக்கத்துடன் இப்பொருளை இன்று சிந்திப்போமாக.

ஒரே நூலில் இரு வகைப் போதனைகள்

கிறிஸ்தவர்கள் ஏற்கும் பைபிளில் இப்பொருள் குறித்து இரு வகையான போதனைகள் காணப்படுகின்றன. உபாகமத்தின் 30ஆம் அத்தியாயத்தில், வாழ்வும் சாவும் மக்கள் முன் வைக்கப்பட்டு, வாழ்வைத் தேர்ந்துகொள்ளுமாறு அவர்கள் பணிக்கப்படுகின்றனர். தேர்ந்துகொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பது இதன் உட்பொருள். ஆனால் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அத்தியாயம் வேறொரு தொனியில் பேசுகிறது. ஒரே களிமண்ணிலிருந்து குயவன் தான் விரும்பிய வகையில் பாத்திரங்களை வனைவதுபோல இறைவனும் தன் விருப்பப்படி செய்கிறான் என்றும், களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாகாது என்றும் அங்கே கூறப்படுகிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அத்தியாயத்தில், உலகம் தோன்றுவதற்கு முன்பே சிலர் தேர்ந்துகொள்ளப்பட்டனர் என்ற கருத்து இடம்பெறுகிறது. இதனையே தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'முன்குறித்தல்' என்கின்றனர்.

இவ்விரு வகைப் போதனைகளையும் எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்வது? இதுதான் அவர்களது விவாதம் முழுவதற்கும் வேர்.

அகஸ்தீனும் பெலாகியுஸும்

கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் பெலாகியுஸ் என்னும் துறவி ரோமாபுரியில் போதித்து வந்தார். பிரிட்டன் நாட்டிலிருந்து வந்தவர். மனிதன் மனம் வைத்தால் இறைக்கட்டளைகளை நிறைவேற்ற முடியும். முடியாததை இறைவன் கட்டளையிட மாட்டான் என்பது அவரது வாதம். ஆதம் செய்த பாவம் அவருக்கு மட்டுமே உரியது, அது பிள்ளைகளின் இரத்தத்தில் இறங்குவதில்லை என்றும் அவரும் அவரது மாணவர்களும் கூறினர்.

இதனை எதிர்த்து நின்றவர் அகஸ்தீன் (354 - 430). இன்றைய அல்ஜீரியாவில் அன்னாபா என வழங்கும் ஹிப்போ நகரின் ஆயராக இருந்தவர். ஆதி பாவத்தால் மனிதனின் விருப்பமே நோயுற்றுவிட்டது, கால் ஒடிந்தவன் தானாக எழுந்து நடக்க இயலாததுபோல அவனால் தானாக நன்மையை நாடவும் இயலாது என்றார் அவர். இறைவனின் கிருபை முதலில் வந்து தூக்கிவிட வேண்டும். அக்கிருபையை யாருக்கு அளிப்பது என்பது இறைவனின் விருப்பம் என்பது அவரது முடிவு. 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் கொள்கையை நிராகரித்தனர். 529இல் ஆரஞ்சு என்னும் ஊரில் கூடிய சபை, கிருபையே முந்தி வருகிறது என்பதை உறுதி செய்தது. அதே சமயம், இறைவன் எவரையும் தீமைக்கென்று விதித்தான் எனக் கூறுவதை அது கண்டித்தது.

நாம் இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. கிறிஸ்தவர்களின் இவ்விவாதம் முழுவதும் ஆதி பாவம் என்னும் கொள்கையின் மீது எழுப்பப்பட்டது. இஸ்லாத்தில் அக்கொள்கைக்கு இடமில்லை. ஆதம் (அலை) அவர்கள் பாவமன்னிப்புக் கோரினார்கள், அல்லாஹ் மன்னித்தான் (2:37). ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை (6:164). எனவே, விதி குறித்த நம் கேள்வி 'மனிதனின் விருப்பம் கெட்டுப்போனதா?' என்பதன்று, 'படைத்தவனின் நாட்டத்துக்குள் படைப்பின் விருப்பம் எவ்வாறு இயங்குகிறது?' என்பதேயாகும்.

கீழைக் கிறிஸ்தவர்கள் அகஸ்தீனைப் போன்று அத்தனை தொலைவு செல்லவில்லை. உமையாக்களின் ஆட்சியில் டமாஸ்கஸ் நகரில் வளர்ந்த யோவான் என்னும் அறிஞர் (8ஆம் நூற்றாண்டு), இறைவன் யாவற்றையும் முன்கூட்டியே அறிகிறான், ஆயினும் நம் பொறுப்பில் உள்ள செயல்களை அவன் நம் மீது வலிந்து விதிப்பதில்லை என்று எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நம் அறிஞர்களிடையேயும் பஸராவிலும் டமாஸ்கஸிலும் கத்ர் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தது.

லூத்தரும் கால்வினும்

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபை பிளவுபட்டபோது இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. 1524இல் எராஸ்மஸ் என்னும் அறிஞர் மனித விருப்பச் சுதந்திரத்தை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே மார்ட்டின் லூத்தர் அதனை மறுத்து, மனிதனின் விருப்பம் அடிமைப்பட்டது என்னும் கருத்தில் ஒரு நூலை வெளியிட்டார். ஜான் கால்வின் (1509 - 1564) இன்னும் ஒரு படி சென்று, மீட்பு பெறுவோரும் அழிவு பெறுவோரும் இறைவனின் நித்தியத் தீர்மானத்தால் வகுக்கப்பட்டுள்ளனர் என்று போதித்தார்.

கால்வினைப் பின்பற்றுவோர் மனிதனை உயிரற்ற பொம்மை என்று கருதுவதாகச் சிலர் நினைக்கின்றனர். அது நீதியன்று. பாவம் செய்பவன் வெளியிலிருந்து பலவந்தப்படுத்தப்பட்டுப் பாவம் செய்வதில்லை, தன் உள்ளம் விரும்பியே செய்கிறான், எனவே அவனே பொறுப்பாளி என்பதை அவர்களும் வலியுறுத்துகின்றனர். இறைவன் யாவற்றையும் தீர்மானித்தான் என்று கூறும் 1646ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, அதே மூச்சில், அவன் பாவத்தின் கர்த்தா அல்லன் என்றும், படைப்புகளின் விருப்பத்தின் மீது வன்முறை செய்யப்படவில்லை என்றும் சேர்த்துக் கூறுகிறது.

கத்தோலிக்கர் கண்ட வழி

1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து பொதுச்சங்கம், ஆதி பாவத்தால் மனித விருப்பம் பலவீனமடைந்தது, ஆனால் அழிந்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது. கிருபைக்கு இணங்கவும் அதனை மறுக்கவும் மனிதனால் இயலும் என்றது. எவ்வாறு இயலும் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது.

1588இல் லூயிஸ் டி மோலினா என்னும் இயேசு சபைப் பாதிரியார் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். நடக்கக்கூடியவை அனைத்தையும் இறைவன் அறிவான், நடக்கப்போகின்றவற்றையும் அறிவான். இவ்விரண்டுக்கும் நடுவே, 'இன்ன மனிதன் இன்ன சூழ்நிலையில் வைக்கப்பட்டால் தன் சுதந்திர விருப்பத்தால் இன்னது செய்வான்' என்னும் அறிவும் அவனுக்குண்டு. அந்த நடு அறிவைக் கொண்டே அவன் உலகை நடத்துகிறான், ஆகவே அவனது ஆட்சியும் குன்றவில்லை, மனிதனின் விருப்பமும் பறிபோகவில்லை என்றார் மோலினா. தோமினிக்கு சபையினர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அப்படியானால் இறைவனின் திட்டம் மனிதனின் முடிவைச் சார்ந்ததாகிவிடாதா என்று வினவினர். ரோமாபுரியில் சுமார் பத்தாண்டுகள் விசாரணை நடந்தது. இறுதியில் 1607இல் போப் ஐந்தாம் பவுல், இரு தரப்பாரும் தத்தம் கருத்தைப் போதிக்கலாம். ஒருவர் மற்றவரை வழிதவறியவர் என்று பழிக்கக் கூடாது என்று கூறி விவாதத்தை முடித்துவைத்தார்.

சீர்திருத்த சபையினரிடையேயும் இதே பிளவு தோன்றியது. ஹாலந்து நாட்டின் யாக்கோபு அர்மீனியுஸ் (1560 - 1609), யார் நம்புவார் என்பதை இறைவன் முன்னறிந்து அவர்களையே தேர்ந்துகொள்கிறான், கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்றார். 1618, 1619ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரில் கூடிய பெருஞ்சபை அவரது கொள்கையைத் தள்ளியது. தேர்ந்துகொள்ளுதல் எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதன்று என்று அது அறிவித்தது. அரசியலும் உடன் கலந்தது. அர்மீனியுஸின் ஆதரவாளர்களுக்குத் துணை நின்ற முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னெவெல்ட் 1619இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். இறைவனின் இரகசியத்தைப் பற்றிய விவாதம் மனித இரத்தத்தில் முடிந்தது. நம் வரலாற்றிலும் கத்ர் விவாதத்தில் ஈடுபட்ட கைலான் திமிஷ்கீ, கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

தமிழ் மண்ணுக்கு வந்த பாதைகள்

அன்பர்களே! ஐரோப்பாவில் நடந்த இவ்விவாதங்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்.

ரோமாபுரியில் மோலினாவின் கொள்கை விசாரிக்கப்பட்ட அதே காலகட்டத்தில், இயேசு சபையைச் சேர்ந்த பிமெண்டா பாதிரியார் நம் செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். கோட்டையின் பெருமையைக் கண்டு வியந்து எழுதினார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியும், பின்னாளில் வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றிய பெஸ்கியும் அதே சபையினரே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரின் அனுமதியுடன் தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்றிய டச்சுக்காரர்கள், டோர்ட் சபையின் கொள்கையைக் கொண்டவர்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களது போதகர்கள் பணியாற்றினர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் லூத்தரின் வழியினர். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிகள், அர்மீனியுஸின் கருத்தை ஏற்ற ஜான் வெஸ்லியின் (1703 - 1791) வழிவந்தவர்கள்.

ஐரோப்பாவில் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்ட இவர்களின் வாரிசுகள், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒரே சபையாக இணைந்தனர். அதுவே தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன் சபையினரும், கால்வின் வழிவந்தோரை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையினரும், வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் அதில் ஒன்றுசேர்ந்தனர். முன்குறித்தல் பற்றிய பழைய வழக்கைத் தீர்த்துவிட்டு அவர்கள் இணையவில்லை. தீராத அந்த வழக்கு, ஒன்றாக வணங்குவதற்கும் பணியாற்றுவதற்கும் தடையாக வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தே இணைந்தனர். நான்கு ரக்அத்தில் கையை எங்கே கட்டுவது என்பதற்காகப் பள்ளிவாசலை இரண்டாக்கும் நம்மவர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக!

திண்டிவனத்தில் ஓர் இரவு

செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திண்டிவனம். 1853இல் தொடங்கப்பட்ட ஆற்காடு மிஷனின் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய அம்மிஷன், டச்சு சீர்திருத்த சபையின் அமெரிக்கக் கிளையைச் சார்ந்தது. அதாவது, டோர்ட் சபையின் தீர்மானங்களைத் தன் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்றாகக் கொண்ட சபை அது. யாவும் இறைவனின் தீர்மானப்படியே என்று மிக அழுத்தமாக நம்பியவர்கள் அவர்கள்.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் கல்வி கற்ற ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண், நோயுற்ற தாயைக் கவனிப்பதற்காக 1890இல் திண்டிவனம் வந்தார். மிஷனரியாகும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. தாய் குணமடைந்ததும் அமெரிக்கா திரும்பிவிடுவதே அவரது திட்டம். ஓர் இரவு மூவர், ஒருவர் பின் ஒருவராக அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதா என்று மூவரும் மறுத்துவிட்டனர். பெண்ணான ஐடாவையே வருமாறு வேண்டினர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மறுநாள் காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஐடா பின்னாளில் பலமுறை எடுத்துரைத்த நிகழ்ச்சி இது.

அவரது உள்ளம் கலங்கியது. தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இன்று நம் வட்டாரத்து மக்கள் தீராத நோய் என்றால் நாடிச் செல்லும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அவ்வாறு வளர்ந்ததுதான். அவர் 1960இல் காலமானார்.

அன்பர்களே! விதி பற்றிய கேள்வி அனைத்தும் இந்த ஓர் இரவில் அடங்கியிருப்பதைப் பாருங்கள். 'எல்லாம் இறைவனின் தீர்மானம்' என்று நம்பிய வீட்டில் பிறந்தவர் அப்பெண். 'மூவரும் சாக வேண்டும் என்பது விதி' என்று கூறிவிட்டு அவர் கப்பலேறியிருக்கலாம். ஆனால் அவரோ அம்மரணங்களை இறைவன் தமக்கு விடுத்த அழைப்பாகக் கண்டார். அந்த அழைப்புக்குத் தாமே முடிவெடுத்துப் பதிலளித்தார். இறைநாட்டமும் மனித விருப்பமும் ஒன்றையொன்று தள்ளவில்லை; ஒரே செயலில் இரண்டும் கலந்திருந்தன. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, கால்வினின் வழிவந்த மற்றொருவரான வில்லியம் கேரி 1792இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே, சாதனங்களைப் பயன்படுத்துவது கிறிஸ்தவரின் கடமை என்ற கருத்தை வைத்திருந்தார். சாதனங்கள் என்று அவர் கூறியதையே நம் அறிஞர்கள் 'அஸ்பாப்' என்கின்றனர்.

அம்மூவரில் ஒருவர் நம்மைச் சேர்ந்தவர் என்பது நம் நெஞ்சைத் தைக்க வேண்டும். அவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. வெட்கத்தைப் பேணுவதாகவே அவர் கருதியிருப்பார். ஆயினும் ஷரீஅத் என்ன கூறுகிறது? பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், உயிருக்கு ஆபத்து நேரும்போது, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு நம் இமாம்கள் அனுமதி அளித்துள்ளனர். நிர்ப்பந்தம் தடைகளைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அந்தச் சட்டம் நூல்களில் இருந்தது. அன்று அந்த வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லை.

இஸ்லாம் காட்டும் நடுவழி

பஸராவில் மஃபத் அல்ஜுஹனீ என்பவர் கத்ரை மறுத்துப் பேசத் தொடங்கியபோது, யஹ்யா இப்னு யஃமர் (ரஹ்) அவர்கள் தம் தோழருடன் சென்று அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். கத்ரை நம்பாதவருக்கும் தமக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கூறிய இப்னு உமர் (ரலி) அவர்கள், ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித வடிவில் வந்து ஈமானைப் பற்றி வினவிய ஹதீஸை எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் ஈமான் பாடத்தின் தொடக்கத்திலேயே இது இடம்பெறுகிறது.

மறுபுறம், மனிதன் காற்றில் அலையும் சருகு போன்றவன், அவனுக்கு எந்த விருப்பமும் இல்லை என்று ஜபரிய்யாக்கள் கூறினர். இவ்விரு எல்லைகளையும் அஹ்லுஸ் ஸுன்னத் அறிஞர்கள் மறுத்தனர். இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்களும், ஸமர்கந்தின் இமாம் அபூ மன்ஸூர் அல்மாதுரீதீ (ரஹ்) அவர்களும் ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் இதனைத் தெளிவாக வகுத்துரைத்தனர். செயல்களைப் படைப்பவன் அல்லாஹ். அச்செயலைத் தன் விருப்பத்தால் நாடி ஈட்டிக்கொள்பவன் மனிதன். இந்த ஈட்டுதலுக்கு 'கஸ்ப்' என்று பெயர். குளிர்காய்ச்சலில் நடுங்கும் கையும் கைதான், பிறர் பொருளை எடுக்க நீளும் கையும் கைதான். முதல் கைக்கு எவரும் குற்றம் சுமத்துவதில்லை. இரண்டாம் கைக்குச் சுமத்துகிறோம். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு மனிதனும் தன் உள்ளத்திலேயே உணர்கிறான்.

திருக்குர்ஆன் இரண்டையும் அருகருகே வைக்கிறது. தக்வீர் அத்தியாயத்தின் 28ஆம் வசனம், நேர்வழியில் நிலைக்க விரும்புவோருக்கு இவ்வேதம் நல்லுரை என்கிறது. அடுத்த வசனமோ, அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாடமாட்டீர்கள் என்ற உண்மையை உணர்த்துகிறது. முதலாவது நம் பொறுப்பையும், இரண்டாவது நம் பணிவையும் கற்பிக்கின்றன. அல்லாஹ் ஒன்றை நிகழ நாடுவது வேறு, அதனைப் பொருந்திக்கொள்வது வேறு. அடியார்களின் இறைமறுப்பை அவன் பொருந்திக்கொள்வதில்லை (39:7). 'அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணை வைத்திருக்க மாட்டோம்' என்று சாக்குக் கூறியவர்களை அவன் கண்டிக்கிறான் (6:148). ஆகவே, விதியைக் காரணம் காட்டிப் பாவத்தை நியாயப்படுத்துவது இணைவைத்தோரின் வாதமேயன்றி முஃமின்களின் வாதமன்று.

நம் வட்டாரத்தில் மணிலா விதைக்கும் விவசாயியைப் பாருங்கள். மழை அவன் கையில் இல்லை. முளைவிடச் செய்வதும் அவனல்ல. அதனை அல்லாஹ்வே செய்கிறான் என்று வாகிஆ அத்தியாயம் (56:63, 64) நினைவூட்டுகிறது. அதற்காக அவன் உழாமலும் விதைக்காமலும் வீட்டில் உறங்குவதில்லை. உழவில் இத்தனை தெளிவாக இருக்கும் நாம், மார்க்கத்திலும் கல்வியிலும் மருத்துவத்திலும் மட்டும் ஏன் விதியின் மீது பழியைப் போடுகிறோம்?

விதியிலிருந்து விதிக்கு

ஹிஜ்ரி 18ஐ ஒட்டி ஷாம் தேசத்தில் அம்வாஸ் என்னும் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், ஆலோசனைக்குப் பின் படையுடன் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்றும் விளக்கினார்கள். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பின்னர் வந்து அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்)

மருந்துகள் அல்லாஹ்வின் விதியை மாற்றுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அவையும் அல்லாஹ்வின் விதியைச் சேர்ந்தவையே என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். (நூல்: திர்மிதி) நோய் மட்டுமன்று, மருந்தும் கத்ர், வறுமை மட்டுமன்று, உழைப்பும் கத்ர். 2020இல் கொரோனா பரவியபோது பள்ளிவாசல்களில் கூட்டத் தொழுகையை நிறுத்திவைத்த உலமாக்கள் பின்பற்றியது இந்த வழியையே.

ஆறுதலும் கடமையும்

அப்படியானால் கத்ரை நம்புவதன் பயன் என்ன? ஹதீத் அத்தியாயம் (57:22, 23) அதனைக் கூறுகிறது. நேரும் எந்தத் துன்பமும் முன்பே பதியப்பட்டது. இதனை நமக்கு அறிவிப்பதன் நோக்கம், தவறிப்போனதற்காக நாம் உடைந்துபோகாமலும், கிடைத்ததற்காகச் செருக்கடையாமலும் இருப்பதற்கே. ஆகவே நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது கத்ர் நமக்கு ஆறுதல். இனிச் செய்ய வேண்டியதை எதிர்நோக்கும்போது ஷரீஅத்தின் கட்டளையே நமக்கு வழிகாட்டி. இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பவனே வழி தவறுகிறான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி, வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் ஒரே காலைப்பொழுதில் கரையேறியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர் பலர் மாண்டனர். பிள்ளையை இழந்த தாயிடம் சென்று இறையியல் விவாதம் செய்வோர் எவரும் அறிவாளி அல்லர். அவளுக்கு வேண்டியது ஆறுதல். "இறைவனிடமிருந்து வந்தோம், அவனிடமே மீள்கிறோம்" என்னும் நம்பிக்கை. ஆனால் உயிர் பிழைத்தவர்களுக்கு வேண்டியதோ உணவும் உறைவிடமும். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு மதம் பாராமல் உணவளித்து உதவினர். இது அவர்களின் விதி என்று கதவை மூடிக்கொள்ளவில்லை. கத்ரைச் சரியாக விளங்கிக்கொண்டவர்களின் செயல் அதுவே.

நம் இல்லங்களில் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! பிள்ளை விதியைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். நபித்தோழர்களும் கேட்டார்கள். எல்லாம் எழுதப்பட்டுவிட்டதெனில் அதையே நம்பி இருந்துவிடலாமா என்ற கேள்விக்கு, செயலாற்றுங்கள், ஒவ்வொருவருக்கும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடை கூறினார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்) எழுதப்பட்டது என்ன என்பது நமக்குத் தெரியாது, செய்ய வேண்டியது என்ன என்பது தெரியும். தெரிந்ததைச் செய்வதே அடியானின் வேலை.

'அவளுடைய நஸீப்' என்ற சொல்லை எச்சரிக்கையுடன் பயன்படுத்துங்கள். குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் கூறப்படும்போது, அது ஈமானின் சொல்லாக இருப்பதில்லை. நம் கடமையிலிருந்து நாம் தப்பிக்கும் சொல்லாகிவிடுகிறது. வரதட்சணைக்காகக் கடனில் மூழ்கும் தந்தையிடமும், காய்ச்சல் முற்றிய பின்னரே மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படும் குழந்தையிடமும் இதே சொல்லைக் கூறுகிறோம். கேட்டவனும் கொடுத்தவனும் தாமதித்தவனும் நாமாக இருக்க, விதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம்.

நம் பெண்மக்களை மருத்துவமும் செவிலியமும் பயில அனுப்புங்கள். ஒரு சமுதாயத்தின் பெண்களுக்குச் சிகிச்சை அளிக்கப் பெண் மருத்துவர்கள் இருப்பது ஃபர்ளு கிஃபாயாவாகும். அன்று திண்டிவனத்தில் அந்தச் சகோதரர் தம் மனைவிக்காக ஒரு பெண் மருத்துவரைத் தேடி அலைந்தார். அந்தத் தேடலுக்கு விடையாக நம் வீட்டுப் பெண்மக்களில் ஒருத்தி வருவாளாயின், அதுவும் அல்லாஹ்வின் கத்ரே.

கிறிஸ்தவ அண்டை வீட்டாருடன் இதுபற்றிப் பேச நேர்ந்தால், வேறுபாட்டை மறைக்காமலும் அவர்களின் நம்பிக்கையைத் திரித்துக் கூறாமலும் பேசுங்கள். ஆதி பாவத்தை நாம் ஏற்பதில்லை என்பதைக் கண்ணியமாக எடுத்துரையுங்கள். படைத்தவன் ஒருவன், அவன் ஆட்சியில் குறைவில்லை, மனிதன் தன் செயலுக்குப் பதில் கூறியே ஆக வேண்டும் என்பவற்றில் அவர்களும் நம்மோடு உடன்படுவதைச் சுட்டிக்காட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குத் தன் கத்ரின் மீது உறுதியான நம்பிக்கையையும், தன் கட்டளைகளை நிறைவேற்றும் முயற்சியையும் ஒருங்கே வழங்குவானாக! துன்பத்தில் பொறுமையையும், செயலில் ஊக்கத்தையும், அறிவில் பணிவையும் தந்தருள்வானாக! நம் மக்களைப் பயனுள்ள கல்வி பெற்றவர்களாகவும், படைப்பினங்கள் அனைத்துக்கும் நன்மை செய்வோராகவும் ஆக்குவானாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.